யார் வரைந்த சக்கரம்

எங்கள் டீம் லீடர் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்த நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. விவசாய இயந்திரங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது, தஞ்சாவூரில். நாங்கள் அல்வாவை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. அதுவரை நாங்கள் வரைந்த அத்தனை ஃபைல்களும், எல்லோருக்கும் பொதுவாக அவற்றைப் பூட்டி வைத்திருந்த மென்பொருளிலிருந்து மொத்தமாக அவருடைய ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துகொண்டிருந்தன. "சர்வர் மாத்தப் போறோம், பத்திரமா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கணும்" என்றார். நம்பினோம். எனக்கு டைபாய்டு வந்தபோது தன் காரிலேயே வீடுவரை கொண்டுவந்து விட்ட மனிதர், எப்படி நம்பாமல் இருப்பது?

அந்த மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரையும் ஃபைலை நாமாக ஒப்படைக்கும்வரை அது நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், மற்றவர் கண்ணில் படாது. ஒப்படைப்பதைச் செக்-இன் என்போம். அப்படி ஒப்படைக்காத ஒன்று என்னிடம் இருந்தது: நடவு மிஷினுக்கான இரும்புச் சக்கரம். கீழ்வேளூரில் என் சித்தப்பா வயலில் மிஷின் அச்சுவரை இறங்கிவிட, ஆட்கள் கயிறு கட்டி இழுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. தகடுகளில் சாய்வாக ஓட்டை போட்டால் காற்று புகுந்து சேறு பிடியை விடும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தேன். அதுவரை அடுத்தவர் சொன்னதை வரைந்துகொடுத்தவள் நான். என் பெயரில் ஒன்றே ஒன்றாவது வர வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

அல்வாவுக்கு முந்தின நாள் அவர் என் மேசைக்கு வந்தார். "கையில இருக்கறதெல்லாம் செக்-இன் பண்ணிடுங்கம்மா. விட்டுப் போனா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." சக்கரத்தைக் காட்டினேன். திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்மா! உங்க பேர்லயே முதலாளிக்கு அனுப்பிடறேன்." அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை.

கொஞ்ச நாளில், முத்துப்பேட்டையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டார். சால்வை போர்த்தி வழியனுப்பினோம். நான் அழக்கூடச் செய்தேன், மடச்சி. அடுத்த சம்பா நடவுக்கு முன்னால் ஒரு விவசாயக் கண்காட்சியில் அவருடைய புதுக் கம்பெனியின் கடையைப் பார்த்தேன். நடுவில் என் சக்கரம், ஆரஞ்சு வண்ணம் பூசி, மாலை போட்டு. அவரே உருவாக்கியது என்று பலகையில் எழுதியிருந்தது. ஆத்திரத்தைவிட அவமானம்தான் பிடுங்கித் தின்றது. நானே அல்லவா எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! முதலாளியிடம் சொன்னேன். "கேஸு கோர்ட்டுன்னு அலைய நம்மளால முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

போன வாரம் அவரே போன் செய்தார். அதே குழைவான குரல். "நல்லா இருக்கீங்களாம்மா?" மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன். மன்னித்துத் தொலைக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. அந்த இரும்புச் சக்கரத்துல ஓட்டையெல்லாம் சாய்வா இருக்கே, அதை நம்ம டீம்ல யாரு வரைஞ்சது? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

"நான்தான் சார்" என்றேன்.

"ஓ, நீங்கதானா? ரொம்ப நல்லதாப் போச்சு. நேரா போட்டா செலவு கம்மியாகுது. போட்டுக்கலாம்ல?"