வரத்துக்காலின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு

அந்த வருடம் கோச்சடையிலிருந்து வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய்வந்தேன். மழையும் தண்ணீரும் விவசாயமும் எப்படி மாறியிருக்கின்றன என்பதை ஊர்க்காரர்களையே வரையச் சொல்லித் தெரிந்துகொள்வதுதான் என் ஆய்வு. கேள்வி கேட்டால் வாய் திறக்காதவர்களும் தூரிகையைக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். சொன்ன பிறகு அவர்களுக்கு என்ன ஆகும் என்று அவ்வளவாக யோசித்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பெரிய காடாத் துணியை விரித்தோம். கீழத்தெருவிலிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்களும் மேலத்தெருவிலிருந்து நிலம் வைத்திருப்பவர்களும் வந்தார்கள். முதல் வாரம் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து அவரவர் தெருவை வரைந்தார்கள். அப்புறம் கண்மாயை வரைய வேண்டியிருந்தது. அது துணியின் நடுவில் இருந்ததால் இரண்டு பக்கமும் நகர்ந்து வந்துதான் ஆகவேண்டும். வந்தார்கள்.

வரைந்து முடித்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டிய பிற்பகலில், மேலத்தெருவின் பெரிய தென்னந்தோப்புக்காரர் கடைசியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியைச் சுற்றி நடந்தவர், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கம் நின்றார். அது அவர் தோப்பைக் கடக்கும் இடத்தில், குறுக்கே அழுத்தமாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"இத யாரு போட்டது?"

யார் எதை வரைந்தார்கள் என்று வெளியே சொல்ல மாட்டேன் என எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"எல்லாரும் சேர்ந்து வரைஞ்சதுதான் சார்," என்றேன்.

"எந்தோப்புக்குள்ள கோடு போட எல்லாருமா சேந்தீக? மொதல்ல இதச் சுருட்டுங்க."

நான் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். என் கை சுருட்டத்தான் போனது.

கீழத்தெரு அக்கா ஒருவர் முழங்காலைத் துணிமேல் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். பல வருடமாக அந்தத் தோப்பில் தேங்காய் பொறுக்குபவர்.

"நாந்தேன் போட்டேன்யா."

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"நூறு நா வேலையில அந்தக் கால்வாயத் தூர் வாருனவ நானு. எந்த எடத்துல மண்ணக் கொட்டி மூடிருக்குன்னு எனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமாக்கும்?"

தோப்புக்காரர் முகம் சிவந்தது. வாசலில் நின்ற அவருடைய ஆட்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பெண்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

அப்போது மேலத்தெருக்காரம்மா ஒருவர், தோப்புக்காரருக்குப் பங்காளி வீட்டு மதினி, துணியருகே வந்து உட்கார்ந்தார். சிவப்பில் தூரிகையைத் தோய்த்து, கண்மாய்க்குக் கீழே கடைமடையில் இருந்த தன் வயலைச் சுற்றி வட்டம் போட்டார்.

"மதினி, நீங்களுமா?"

"எவ்வயலு காஞ்சு கெடக்குறது ஒனக்குத் தெரியாதா தம்பி? அந்தப் புள்ள போட்டது நெசந்தான. கண்மா நெறஞ்சு எம்புட்டு நாளாச்சு?"

தோப்புக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஆட்களும் பின்னால் போனார்கள்.

மறுவாரம் அந்த அக்காவைத் தோப்பு வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் ஒருவரை மட்டும்தான். விஷயம் தெரிந்து நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னாலதானக்கா," என்றேன்.

"நீயா கோடு போட்ட?" என்றார். கோபமா கேலியா என்று புரியவில்லை.

மேலத்தெரு மதினியும் கடைமடைக்காரர்கள் சிலரும் தாசில்தாருக்கு மனு எழுதினார்கள். அந்தத் துணியைப் போட்டோ எடுத்து இணைத்தார்கள். சர்வேயர் வந்து அளந்தார். மழைக்கு முன்னால் வரத்துக்காலை மூடியிருந்த மண்ணை அள்ளினார்கள். முழுதாக அல்ல, பாதி அகலத்துக்கு. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது.

தோப்பு வேலை அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் ஆய்வு தொடங்கும்போது, படம் வரைந்தவருக்கு அதனால் என்ன நேரலாம் என்பதைத்தான் முதலில் உட்கார்ந்து பேசுகிறேன். சிலர் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.