பிள்ளை பெற்றவளின் தண்ணீர்

வெள்ளைக்காரன் காலத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் பாதை வெட்டப் போயிருந்தோம். சரிவில் புல் வேய்ந்த குடிசைகள், பக்கத்திலேயே ஓடை. அந்தக் குடிசையில்தான் எனக்கு மகன் பிறந்தான். மூன்றாம் வாரமே கல் சுமக்கக் கிளம்பிவிட்டேன். பச்சை உடம்பு என்பதால், காய்ச்சி ஆற்றிய தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை.

மற்றவர்கள் ஓடையில் அப்படியே மொண்டு குடித்தார்கள். மேலே வண்டிமாடுகளைக் குளிப்பாட்டுவார்கள், கீழே இவர்கள் குடிப்பார்கள். கண் அவிந்தா போச்சு? பேதி வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பேரை டோலி கட்டி மலையிறக்கினார்கள். ஒருவர் பிழைக்கவில்லை.

எல்லோரும் காய்ச்சிக் குடியுங்கள் என்று கத்தினேன். எங்கள் பக்கம் காய்ச்சிய தண்ணீர் என்றால் பிள்ளை பெற்றவளுக்குத்தான். ஆண்பிள்ளைகள் தொடுவார்களா?

"நாங்க என்ன புள்ளையா பெத்திருக்கோம், அம்மிணி?" என்று மேஸ்திரி மீசையை நீவினார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே அவர் சுருண்டு விழுந்தார். கண் குழிந்துவிட்டது. கைக்குழந்தையோடு தாலியறுத்து நிற்கப் போகிறேனா? தண்ணீரைக் கொண்டுபோனால், "அது வேண்டாம் புள்ள" என்று முகத்தைத் திருப்பினார்.

"ஏனுங்க, வாயத் தொறக்கறீங்களா, மூக்கப் புடிச்சு ஊத்தட்டுங்களா?"

காய்ச்சிய தண்ணீரில் உப்புக் கஞ்சி கலந்து, இரண்டு நாளும் விடாமல் புகட்டினேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்றார். அழுதேவிட்டேன்.

அதற்குள் இன்னும் நான்கு பேர் படுத்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மேஸ்திரியே சமையல் அண்டாவைத் தூக்கிவந்து என் அடுப்பில் வைத்தார். மாடு இறங்காத மேல் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரவும் ஆள் அனுப்பினார்.

காய்ச்சி ஆறியதும் செம்போடு வரிசையாக நின்றார்கள். நான் சும்மா விடுவேனா? அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேட்டேன்.

"என்ன கொழந்தைங்க? ஆணா, பொண்ணா?"

பதில் சொல்லாதவருக்கு ஒரு சொட்டு கிடையாது.

"பொண்ணுதான் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

கடைசியில் மேஸ்திரி வந்தார். தொண்டையைச் செருமினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ரெட்டைங்க, அம்மிணி. ரெண்டு செம்பா ஊத்துங்க."