அரை பிளேடும் பிரான்ஸ் கத்தியும்

பொழுது போகாத நாட்களில் தெர்மாகோலில் கோபுரமும் படகும் வெட்டுவது என் பழக்கம். இதற்கென்று விற்கிற நல்ல கத்தியை வாங்கக் கூடாதா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சவர பிளேடே போதும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அக்கா கல்யாணம் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கல்யாணம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான வரிச்சிக்குடியில், எங்கள் வீட்டு வாசலிலேயே. மணமேடைக்குப் பின்னால் சிவப்பு வெல்வெட் துணி கட்டி, பெண், மாப்பிள்ளை பெயர்களைத் தெர்மாகோலில் வெட்டிக் குத்துவது புதிதாக வந்திருந்த வழக்கம். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கத்திப் பெட்டி ஒன்று அவர் பீரோவில் இருந்தது. தேய்ந்துவிடும் என்று ஒரு நாளும் அதை உபயோகித்ததில்லை. எங்களுக்குத் தள்ளி நின்று காட்டுவதோடு சரி. அக்கா பெயரை அந்தக் கத்தியால் தானே வெட்டப்போவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியும் விட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வேலை தொடங்கியது. மாப்பிள்ளை பெயரை வெட்டுவது அம்மாவின் தம்பியான மாமாவின் பொறுப்பு. அவர் என்னைக் கடைக்கு அனுப்பி ஒரு புது பிளேடு வாங்கிவரச் சொன்னார். அதைப் பாதியாக உடைத்து, மூங்கில் குச்சியின் பிளவில் செருகி நூலால் சுற்றினார்.

“என்ன மாப்ளே, சவரம் பண்ண வந்தீங்களா?” என்று மாமாவைக் கேட்டார் பெரியப்பா.

“மாப்பிள்ளை பேருதானே அத்தான், மொகத்தையும் வழிச்சு விட்டுடறேன்.”

மாமாவின் எழுத்துகள் நுங்கு சீவினதுபோல வழவழவென்று வந்தன. பெரியப்பாவின் கத்தி பட்ட இடமெல்லாம் வெள்ளை உருண்டைகளாக உதிர்ந்தது. கடல் காற்று பெட்டிக்குள்ளும் புகுந்து கூர்முனையைத் தின்றிருந்தது. அக்கா பெயரில் இருந்த ‘ஜ’ சுழியே இல்லாமல் நின்றது. பெரியப்பா கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வெட்டினார். மறுபடியும் உதிர்ந்தது. அடுக்களை வாசலில் நின்ற அக்கா இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். நான் வாங்கி வந்த பிளேடு ஜெயிக்கிறதே!

மாமா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் எழுத்துகளின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே போனார். அங்கேயும் வெள்ளை உருண்டைகள் உதிர்ந்தன.

“அட, பிளேடு மழுங்கிப் போச்சுங்க அத்தான்.”

“புது பிளேடு மாமா, இப்பத்தானே நான்...” என்று ஆரம்பித்தேன். மாமாவின் குதிகால் என் கால்விரலில் ஏறியது.

“சல்லிசா வாங்குனா இப்புடித்தான் காலை வாரும் மாப்ளே,” என்றார் பெரியப்பா. குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

“ரெண்டு பேரோட ஓரத்துலயும் பசை தடவி ஜிகினா தூவிடுவோம். வெளிச்சத்துல யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் மாமா.

யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வந்த சம்பந்தி, இரண்டும் ஒரே கை வேலை மாதிரி இருக்கிறது என்றார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மாமாவுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது டம்ளர் வந்தது. கையில் இருந்த ஜெயத்தைக் கோட்டை விட்டவருக்கு எதற்கு இரண்டாவது டம்ளர் என்று எனக்கு ஆத்திரம். மிதிபட்ட விரலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி முழுக்க அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.