அரை ஓட்டு

எங்கள் வீட்டுக்கென்று ஒரு காலத்தில் அரசியல் சட்டம் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாற்பது பக்க நோட்டில் ஷரத்து ஷரத்தாக எழுதி, மேலகரம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம்.

எழுதியவர் பெரியப்பா. தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாடு குடியரசான அன்று சட்டையில் கொடி குத்திக்கொண்டு, கைநிறைய மிட்டாயோடு வந்தவர், நாட்டுக்கு ஒன்று இருக்கும்போது வீட்டுக்கு ஒன்று வேண்டாமா என்று உட்கார்ந்துவிட்டார். முதல் ஷரத்து, இந்த வீட்டில் யாரும் மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டாவது, யாரும் எதையும் பயப்படாமல் பேசலாம். மூன்றாவது, தகராறு என்று வந்தால் ஓட்டு. பெரியவர்களுக்கு ஒன்று, சின்னப்பிள்ளைக்கு அரை. வீட்டில் சின்னப்பிள்ளை நான் ஒருத்திதான், எட்டு வயது. பெரியப்பாவின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும் என்பதால், அத்தைதான் எல்லாவற்றையும் முத்து முத்தாக நகல் எடுத்தாள். அவள் அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. பதினேழு வயது, எட்டாவது பாஸ் செய்தவள்.

முதல் ஷரத்தைப் பெரியப்பா உரக்க வாசித்தபோது, பெரியம்மா அவருக்கு இரண்டாம் தரம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவளும் அம்மாவும் கடைசியாகத்தான் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி ஷரத்து எதுவும் இல்லை.

ஆனாலும் அவரைக் கேலி பேச எனக்கு வாய் வராது. மனசார நம்பித்தான் எழுதினார். பாகற்காய்க் குழம்பு வாரம் ஒரு தடவைதான் என்று ஓட்டில் தீர்மானமானபோது, தினமும் கொடுத்தாலும் சாப்பிடக்கூடிய அந்த மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனியில் சாரல் விழத் தொடங்கியது. அந்த வாரம் அத்தை நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். பாளையங்கோட்டையில் தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்க யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. வேண்டாம் என்றால் ஓட்டுக்கு விடுங்கள் அண்ணாச்சி என்றாள். பெரியப்பா மூக்குக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். வயசுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்ப அவருக்குப் பயம். மாப்பிள்ளை பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் தான் எழுதிய சட்டத்தைத் தானே மீற அவரால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு என்றார்.

சனிக்கிழமை என்னை மட்டும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். ஐந்தருவியில் என் கையை விடாமல் பிடித்துக் குளிக்கவைத்து, தலை துவட்டி, மங்குஸ்தான் வாங்கித் தந்தார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரைவண்டியில் திரும்பும்போது என் ஈரத் தலையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏட்டி, அத்த போயிட்டான்னா ஒனக்கு யாரு சடை பின்னுவா?"

அவ்வளவுதான் கேட்டார். அம்மா பின்னினால் எனக்கு வலிக்கும். ராத்திரி அத்தை பக்கத்தில் இல்லாமல் தூக்கமும் வராது. வழியெல்லாம் அழுதேன். பெரியப்பா பாவம், பதறிப்போய் இன்னொரு மங்குஸ்தானை உரித்துக் கொடுத்தார்.

மறுநாள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அத்தை போகக்கூடாது என்று பெரியப்பா கை தூக்கினார். அண்ணன் சொல்லைத் தட்டாத அப்பாவும் தூக்கினார். போகவேண்டும் என்று அத்தை தூக்கினாள். அடுத்து, யாரும் எதிர்பாராத விதமாகப் பெரியம்மா. கல்யாணமாகி வந்த நாள்முதல் புருஷனை எதிர்த்து அவள் செய்த ஒரே காரியம் அதுதான். அம்மா, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் அரை ஓட்டு அவளுக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போகக்கூடாது என்று நான் கை தூக்கினேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று இரண்டு கையையும் தூக்கினேன். அரை ஓட்டுக்கு ஒரு கை போதும் என்று அப்பா ஒன்றை இறக்கிவிட்டார்.

முடிவை நோட்டில் எழுதவேண்டியது அத்தையின் வேலை. எழுதினாள், அதே முத்து முத்தான கையெழுத்தில். சாயங்காலம் எனக்குச் சடையும் பின்னினாள்.

ஆவணியில் அவளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமானால் அவள் அங்கேயே போய்விடுவாள் என்று தெரிந்ததும் நான் நோட்டோடு போய்ப் பெரியப்பா முன்னால் நின்றேன். அத்தை போகக்கூடாது என்றுதானே ஓட்டுப் போட்டோம், இப்போது மட்டும் எப்படிப் போகலாம், மறுபடி ஓட்டுக்கு விடுங்கள் என்று கத்தினேன். அவர் என் தலையைத் தடவினார்.

"கல்யாணத்துக்கெல்லாம் யாரும் ஓட்டுப் போடுவாவளாட்டி?" என்றார்.

வண்டி ஏறும் முன்னால் அத்தை கடைசியாக எனக்குச் சடை பின்னினாள். நீ இங்கேயே இருக்கவேண்டும் என்றுதானே கை தூக்கினேன் என்று சொல்லி அழுதேன். அவள் ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பெரியவளானா ஒனக்கு முழு ஓட்டு வருமுல்லா. அப்பம் எனக்குப் போடு, என்னா?"

சரி என்று தலையாட்டினேன். நான் பெரியவளானதும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும், எல்லோரும் கூடத்தில் உட்காருவோம், இந்தத் தடவை நான் மாற்றிக் கை தூக்குவேன், அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.