அத்தானின் குளிர்ரத்தக் குடும்பம்

தவளையைத் தொட்டுவிட்டுக் கை கழுவுகிறவர்கள் உண்டு. என் அத்தான் தொடுவதற்கு முன்னால் கழுவுவார். சோப்புப் போடாமல், வெறும் தண்ணீரில், முழங்கை வரைக்கும். பிறகு ஈரக் கையைத் துடைக்காமலே மரத்தவளையை இலையிலிருந்து உள்ளங்கைக்கு வரவழைத்துக்கொள்வார். "அது தோலாலதான் தண்ணி குடிக்குது மச்சான். நம்ம கையில இருக்கிற உப்பு, அழுக்கு எல்லாத்தையும் சேத்துக் குடிச்சிரும்" என்பார். சாப்பிட உட்காரும்போது அவர் இத்தனை சிரத்தையாகக் கை கழுவி அக்கா பார்த்ததில்லையாம்.

தொழில், பிரிட்ஜ் பழுது பார்ப்பது. கடைகளில் குளிர்பானம் அடுக்கி வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிகள் ஆயுள் முடிந்து பழைய இரும்புக்குப் போகும்போது, நடுவழியில் மறித்து வீட்டுப் பின் அறைக்குக் கொண்டுவந்துவிடுவார். மோட்டாரைக் கழற்றிவிட்டு பல்பு மாட்டி, மண்ணும் சருகும் பரப்பினால் அவருடைய பிராணிகளுக்கு வீடு தயார். இரண்டு அரணை, வாலில் பட்டை போட்ட பல்லிகள், மரத்தவளை, ஒன்றரை முழ நீளத்தில் செம்மண் நிறப் பாம்பு ஒன்று. விஷமில்லாத பாம்புதான். அதை நான் எட்ட நின்றே நம்பிக்கொள்வேன்.

வேலைக்குப் போன வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் பல்லி முட்டை கிடந்தால் தூக்கி எறியமாட்டார். மேல்பக்கம் எதுவோ அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பஞ்சில் கிடத்தி, அந்தப் புள்ளி கவிழாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். "பொரட்டினா உள்ள இருக்கிற குஞ்சு செத்துரும்." பக்கத்தில் நிற்பவர் என்ன ஏதென்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். உடனே உட்கார இடம் கிடைக்கும்.

அவர் முன்னால் பழமொழி சொல்லி யாரும் பிழைக்க முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "வாயால கெடுறது நாமதான். தவளை வாயாலதான் பொண்ணு பாத்து, கல்யாணம் பண்ணி, குடும்பம் நடத்துது" என்று அரைமணி நேரம் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு இந்த ஜாதியே ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்: "அந்த ரூம் கதவைத் தாண்டி ஒண்ணு வெளிய வந்துச்சுன்னா, அன்னைக்கே நானும் வெளிய போயிருவேன்." அத்தானும் சொல் தவறவில்லை. இப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. எழுந்து நடமாடக் கூடாது, எதற்கும் பதறக் கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருக்கிறார். கூடமாட உதவிக்கு நான் வந்திருந்தேன்.

போன விடுமுறை நாள் காலை, அத்தான் அடுக்களைக்கு வந்து என் தோளைத் தொட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், சத்தம் போடாத. பாம்பு பொட்டியில இல்ல."

சட்டை உரிக்கும் முன் பாம்புக்குக் கண் பால் பூத்துப் பார்வை மங்கிவிடுமாம். அந்த நேரத்தில் சின்ன அதிர்வுக்கும் மிரளுமாம். தாழ்ப்பாள் 'டக்'கென்று அடித்து அதை மிரட்ட வேண்டாமே என்று, பெட்டிக் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார். கதவோரத்துக் காந்த ரப்பர் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஊரில் எத்தனை பிரிட்ஜுக்கு ரப்பர் மாற்றியிருப்பார்! தன் வீட்டுப் பெட்டியில் அது தேய்ந்து இளித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அந்தப் பெட்டிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருப்பேன்.

"கடிக்காதுடா. கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான்டா பயமா இருக்கு."

சூடு எங்கே உண்டோ அங்கேதான் போகும் என்று தேடினோம். அடுக்களை பிரிட்ஜின் முதுகு, டிவிப் பெட்டியின் பின்புறம், வெந்நீர் ஹீட்டர், செருப்புகளின் உள்பக்கம். ஒவ்வொன்றிலும் அத்தானையே முதலில் கையை விடச் சொன்னேன்.

"என்ன உருட்டிட்டு இருக்கீங்க?" அக்காவின் குரல் அறையிலிருந்து வந்தது.

"பிரிட்ஜுல ஏதோ சத்தம். பாக்குறேன்."

"நம்ம வீட்டு பிரிட்ஜையா? மழை கொட்டப் போகுது!"

அவள் சிரித்தாள். எங்களால் முடியவில்லை. அவள் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். உள்ளே போய்த் தேடினால் காரணம் சொல்ல வேண்டும். தேடாமல் விட்டால் அவளே பார்த்துவிடுவாள். அத்தான் சோபாவை நகர்த்துவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அறையில் வேறு பேச்சுமூச்சில்லை. ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பவள் அக்கா.

"என்னங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "இங்க வாங்க. ஓடி வராதீங்க. மெதுவா வாங்க."

இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். முதுகுவலிக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை விட்டுவிட்டு, பாம்பு அவள் வயிற்றின்மேல் போர்வை மடிப்பில் சுருண்டிருந்தது. அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கைகளாலும் மெத்தை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"கத்தினா உள்ள பதறும்னு கத்தல" என்றாள். "எடுங்க."

அத்தான் அடிமேல் அடி வைத்துப் போனார். ஒரு கையை அடியில் கொடுத்து, மறுகையால் தாங்கி, வளையம் கலையாமல் தூக்கினார். பிறகு திரும்பி, அதை என் கைகளில் போட்டுவிட்டார். அது என் மணிக்கட்டைச் சுற்றத் தொடங்கியது. பயப்படக்கூட எனக்கு நேரமில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் கட்டிலருகே மண்டியிட்டார். உள்ளங்கையை அக்காவின் வயிற்றில் வைத்தார். அசைவு ஒன்றும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது. கையை மாற்றி வைத்தார், மூச்சைப் பிடித்தார், மறுபடி மாற்றி வைத்தார். அவர் முகம் இப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததே இல்லை.

அக்கா மெத்தை விளிம்பிலிருந்து ஒரு கையை விடுவித்தாள். அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே நகர்த்தி, பிள்ளை உதைக்கும் இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.