ஒரு படி தவிடு

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் ஆவுடையம்மாளின் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. முறத்தில் சுக்கைத் தரம் பிரிக்கும் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அந்த வாய் 1977ஆம் வருஷம் ஒரு நாள், மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்துகொண்டது.

அவளும் புருஷன் செல்லதுரையும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவன் பஜாரில் கைவண்டி இழுத்தான். அவள் பெற்ற இரண்டும் மூன்று மாதம் தாண்டாமல் போய்விட்டன. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை.

பக்கத்து அறை வீரலட்சுமியும் அந்த ஊர்ப் பக்கம்தான். அவள் புருஷன் தோப்பும்படியில் படகிலிருந்து விழுந்து செத்துப்போனான். அவளையோ காசநோய் உருக்கிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு வயதுப் பெண்குழந்தை.

"மதினி, நான் தேற மாட்டேன். இவள நீ எடுத்துக்கோ" என்றாள்.

ஆவுடையம்மாளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தன் கை பட்டால் இதுவும் தங்காதோ என்ற பயம். பிள்ளை தங்காத வீட்டுக்கு அவர்கள் ஊரில் ஒரு வழி உண்டு. தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்ததன் மேல் எமனுக்கு ஆசை வராதாம். ஒரு படி தவிட்டை அளந்து வீரலட்சுமியின் முந்தானையில் கொட்டினாள்.

"எம்மவ விலை அம்புட்டுதானா? கூட அரைப்படி போடு மதினி" என்று சிரிக்கப் போன வீரலட்சுமிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது.

குழந்தைக்கு மூக்குக் குத்தி, மூக்கம்மாள் என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சல் வந்து போனது. அம்மை வந்து இறங்கியது. பிள்ளை தங்கிவிட்டாள். தவிடுதான் காத்தது என்று ஆவுடையம்மாள் திடமாக நம்பினாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவாவது ஒரு காகிதம் வேண்டாமா என்று செல்லதுரைதான் ஆரம்பித்தான். பத்திரம் எழுதும் வெங்கிடேஸ்வரனிடம் போனார்கள்.

"தகப்பன் இல்லை, தாயார் கொடுக்கறா, உங்களுக்கு வேற பெண் இல்லை. சட்டத்துல ஒரு தடையும் கிடையாது. தத்துப் பத்திரம் எழுதிப் பதிஞ்சா தீர்ந்தது" என்றார் பாலக்காட்டுக்காரரான அவர். பிறகு ஆவுடையம்மாளைப் பார்த்து, "நீ மட்டும் அங்க ஆமாம்னு சொல்லி நிறுத்திக்கணும், கேட்டியா" என்றார்.

பதிவு ஆபீஸில் அதிகாரி பத்திரத்தைப் படித்துவிட்டு, பிள்ளைக்காக ஏதாவது கொடுத்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். "குட்டிக்கு வேண்டி வல்லதும் கொடுத்தோ?"

வீரலட்சுமி இல்லையென்று தலையாட்டினாள். செல்லதுரையும் ஆட்டினான். ஆவுடையம்மாளுக்குத் தலை அசையவில்லை. கொடுக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டால், வாங்கியது செல்லுமா? அந்தக் காப்பு போய்விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

"குடுத்தேன் சார். ஒரு படி தவிடு குடுத்துத்தான் வாங்கினேன்."

வெங்கிடேஸ்வரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், அது அவா ஊர் ஆசாரம்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தத்துக்கு விலை கொடுப்பது குற்றம். விலை கொடுத்தேன் என்று அவளே சொன்ன பிறகு முத்திரை குத்த அதிகாரிக்குத் துணிவில்லை. வெறும் சடங்குதான் என்று வக்கீல் ஒருவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்.

"ஒன் வாய வீட்டுல பூட்டி வச்சிட்டு வந்திருக்கணும்" என்றான் செல்லதுரை, படியிறங்கும்போது. வீரலட்சுமிகூடச் சிரித்தாள். இரண்டு வாரத்தில் திரும்ப வரப்போகிறோம் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

பதினோராவது நாள் வீரலட்சுமி ரத்தம் கக்கிச் செத்துப்போனாள்.

படகேறி எறணாகுளத்துக்குப் போய் வக்கீலைப் பார்த்தார்கள். "பெத்த அம்மை ஜீவிச்சிருந்தப்ப கையொப்புப் போட்டிருந்தா ஒரு நாள் காரியம்" என்றார் அவர். "இப்ப கொடுக்க ஆளில்லை. முதல்ல கோர்ட்டு குழந்தைக்கு ஒரு பாதுகாவலரை வைக்கணும். பின்ன தத்துக்கு அனுமதி தரணும். சொந்தக்காரங்களுக்கு நோட்டீஸ் போகும்."

"சொந்தம்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே ஐயா" என்றாள் ஆவுடையம்மாள்.

"பாக்காட்டியும் போகும்."

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அவள் காதுத் தோடு வக்கீல் பீஸுக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையை மடியில் வைத்துப் படகில் போவாள். படகுத்துறையில் இறங்கியதும் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், ஒரு பழம்பொரி வாங்கித் தருவாள். அதனால் மூக்கம்மாளுக்குக் கோர்ட்டு என்றால் கொண்டாட்டம். "நாளைக்கும் கோர்ட்டுக்குப் போலாம்மா" என்பாள்.

நோட்டீஸைப் பார்த்து, இறந்துபோன தகப்பனின் அண்ணன் சங்கிலிப்பாண்டி வந்து சேர்ந்தார். தம்பிக்கு ஒரு மகள் இருப்பதே அவருக்கு அந்தக் காகிதத்தில்தான் தெரிந்தது. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. "எனக்கு மூணும் பயலுவ. எந்தம்பி மக அடுத்த வீட்டுல சுக்குப் பொறுக்கணுமா?" என்றார். இரத்த உறவு, சொந்த வீடு, நிலம். 1980 ஆடியில் கோர்ட்டு அவரையே பாதுகாவலர் ஆக்கியது.

கூட்டிப் போகும் நாளில் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு ஆவுடையம்மாளே பிள்ளையைக் கொண்டுவந்தாள். இடுப்பில் மூக்கம்மாள், இன்னொரு கையில் காலிப் படி.

"அண்ணாச்சி, ஒரு படி தவிடு வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"தவிட்டுக்கு வாங்குன புள்ள. திருப்பி வாங்காம கொண்டுபோனீயன்னா அவளுக்கு ஆவாது."

"இன்னுமா அந்தத் தவிடு?" என்றான் செல்லதுரை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சங்கிலிப்பாண்டி மறுபேச்சுப் பேசாமல் மாட்டுத்தீவனக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். படியில் கும்பமாக அள்ளினார். ஆவுடையம்மாள் உள்ளங்கையால் மேலே இருந்ததை வழித்துத் தள்ளினாள். கொடுத்த அளவுதான் திரும்ப வேண்டும். பிறகு பிள்ளையை அவர் பக்கம் இறக்கிவிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். அவர் கொட்டினார்.

"சரி. கூட்டிட்டுப் போங்க."

படகு நகரும்போதுதான், "அம்மா, நீ ஏறலையா?" என்று மூக்கம்மாள் கேட்டாள். பெரியப்பாவின் தோளிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். பதிலுக்குக் கையை ஆட்ட ஆவுடையம்மாளால் முடியவில்லை. தவிடு சிந்தாமல் இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்திருந்தாள்.