இரண்டு பேரும் நீலச் சட்டை

பம்ப்செட் மோட்டாரில் கம்பிச்சுருள் எரிந்துபோனதிலிருந்து நானும் அண்ணனும் பேசுவதில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது அதை ஓடவிட்டது யார் என்பதுதான் சண்டை. நான் இல்லை. இன்றும் சொல்கிறேன், நான் இல்லை.

காவாந்தண்டலத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் திருப்பிக்கொண்டு போவது பெரிய எரிச்சல். ஒரு ஞாயிறு மதியம் பொறுக்காமல், எங்கள் பழைய வீடியோ கேமை டிவியில் மாட்டினேன். கால்பந்து ஆட்டம். அண்ணன் வந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். வயர் குட்டை; தோள் இடிக்கத்தான் உட்கார முடியும்.

இவரை அழவைக்க வேண்டும் என்ற வெறியில் பட்டன்களைத் தட்டினேன். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவசரத்தில் இருவரையும் நீலச் சட்டை அணியிலேயே போட்டுவிட்டேன். எதிரே சிவப்புச் சட்டையில் மெஷின் ஆடியது. நிறுத்தலாம் என்றால் வாய் திறக்க வேண்டும். மெஷின் கோல் மேல் கோல் போட்டது. அண்ணனோ பந்தை விடவே இல்லை.

"பாஸ் குடுண்ணா! நா இங்க சும்மா நின்னுகினு கீறேன்!"

"குட்த்தா மட்டும் கிழிச்சிடுவியா?"

படுதோல்வி. ஜாய்ஸ்டிக்கை வீசினேன். "ரெண்டு பேரும் ஒரே டீம்ல கீறோம். பாக்கலியா நீ?"

"மொதல்லயே பாத்தேன்."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா மாத்திடுவ."

மோட்டாரை எரித்தது அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு நான் அணியை மாற்றவில்லை. அதிலும் தோற்றோம்.